பின்னூட்ட வளையங்களின் தானியங்கி அளவுத்திருத்தம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெளியீட்டின் ஒரு பகுதியை உள்ளீட்டுக்குத் திருப்பி ஒப்பிடும் பின்னூட்ட வளையம் ஒன்றை வடிவமைத்து முடித்தவர், அது சோதனை மேசையில் ஒரு விதமாகவும் உற்பத்தியாகி வந்த பலகைகளில் வேறு விதமாகவும் நடந்துகொள்வதைப் பார்த்த பிறகு கேட்கத் தொடங்கும் கேள்விகள் இவை. ஆப்-ஆம்ப் (உயர் பெருக்கம் கொண்ட மின்னணுப் பெருக்கி), கட்டப் பூட்டு வளையம் (ஓர் அலையியற்றியை ஒப்பீட்டுக் கடிகாரத்தோடு ஒத்திசைப்பது), ஸ்விட்ச்சிங் மின்வழங்கி (சுவிட்சை வேகமாகத் திறந்து மூடி மின்னழுத்தத்தைச் சீராக்குவது) ஆகிய மூன்றையும் அடிப்படை அளவில் அறிந்த வாசகரை மனத்தில் கொண்டு பதில்கள் எழுதப்பட்டுள்ளன. அளப்பது, நம்பகமான ஒன்றோடு ஒப்பிடுவது, ஒரு குமிழைத் திருகிச் சரிசெய்வது ஆகிய மூன்றும் சேர்ந்ததையே இங்கே அளவுத்திருத்தம் என்கிறோம். அந்தக் குமிழை மனிதரின் கைக்குப் பதிலாகச் சுற்றே திருகிக்கொண்டால் அது தானியங்கி அளவுத்திருத்தம்.

எதிர்மறைப் பின்னூட்டமே பிழைதிருத்தும் ஏற்பாடுதானே? அதன் மேல் இன்னொரு திருத்தம் எதற்கு?

நியாயமான கேள்விதான். பெல் ஆய்வகத்தில் பணியாற்றிய ஹரோல்ட் பிளாக், 1927 ஆகஸ்ட் 2 அன்று படகில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தபோது, கையிலிருந்த நாளிதழின் பக்கத்திலேயே எதிர்மறைப் பின்னூட்டப் பெருக்கியின் சமன்பாடுகளை எழுதிவைத்தார். வெற்றிடக் குழாய்களின் பெருக்கம் வயதாலும் மின்வழங்கலாலும் மாறிக்கொண்டே இருந்ததுதான் அவர் தீர்க்க முனைந்த சிக்கல். அதை அவருடைய ஏற்பாடு மிக நன்றாகத் தீர்த்தது. ஒரு பெருக்கியின் திறந்த வளையப் பெருக்கம் 1,00,000 என்றும், வெளியீட்டில் நூறில் ஒரு பங்கு உள்ளீட்டுக்குத் திரும்புகிறது என்றும் வைத்துக்கொண்டால், மூடிய வளையப் பெருக்கம் 99.9 ஆகும். உள்ளே இருக்கும் பெருக்கம் பாதியாகச் சரிந்து 50,000 ஆனாலும் வெளியே தெரிவது 99.8தான்.

ஆனால் இந்தக் கணக்கில் மூன்று விஷயங்கள் கண்ணில் படாமல் தப்பிவிடுகின்றன. முதலாவது, அந்த நூறில் ஒரு பங்கைத் தீர்மானிக்கும் மின்தடையங்கள். அவற்றில் ஒரு சதவீதப் பிழை இருந்தால் அது அப்படியே வெளியீட்டுக்கு வந்துவிடும், வளையம் அதைப் பிழையென்றே உணராது. இரண்டாவது, ஒப்பீடு நடக்கும் இடத்திலேயே இருக்கும் ஆஃப்செட் மின்னழுத்தம் (உள்ளீடு பூஜ்யமாக இருந்தாலும் தெரியும் சிறு பிழை). அதையும் வளையம் உண்மையான உள்ளீடாகவே எடுத்துக்கொள்ளும். மூன்றாவதுதான் அதிகம் மறக்கப்படுவது: வளையத்தின் சொந்த வேகம். பெருக்கமும் பட்டை அகலமும் (பின்பற்றக்கூடிய அதிர்வெண்களின் எல்லை) சேர்ந்த பெருக்குத்தொகை 10 மெகாஹெர்ட்ஸ் கொண்ட ஆப்-ஆம்பை 100 மடங்குக்கு அமைத்தால் பட்டை அகலம் 100 கிலோஹெர்ட்ஸ் கிடைக்கும். அந்தப் பெருக்குத்தொகை பாதியானால் நேர்மின்னோட்டப் (DC) பெருக்கம் ஏறக்குறைய அசையாமல் இருக்க, பட்டை அகலம் மட்டும் 50 கிலோஹெர்ட்ஸாக இறங்கிவிடும். தராசு சரக்கை எடைபோடும், தன் முள்ளின் கோணலை எடைபோடாது. பின்னூட்டமும் அப்படித்தான்: தான் சுற்றிவளைத்துக்கொண்ட பகுதியின் குறைகளை அது மறைக்கிறது, தன்னுடைய குறைகளை மறைப்பதில்லை. அளவுத்திருத்தத்தின் வேலை அங்கேதான் தொடங்குகிறது.

வளையத்தில் எந்தெந்த அளவுகளைத் திருத்துவது வழக்கம்?

நடைமுறையில் நான்கைத் திருத்துகிறார்கள்: ஒப்பீட்டுப் புள்ளியின் ஆஃப்செட், வளையப் பெருக்கம், வடிகட்டியின் நேர மாறிலி, இவற்றின் கூட்டு விளைவான கட்ட விளிம்பு. கடைசியாகச் சொன்னது நேரடியாகத் திருகக்கூடிய குமிழ் அல்ல. மற்றவற்றைத் திருகிப் பெறும் பலன். வளையப் பெருக்கம் ஒன்றாகக் குறையும் அதிர்வெண்ணில், அலைவு தொடங்குவதற்கு இன்னும் எவ்வளவு கட்டத் தாமதம் மிச்சம் இருக்கிறது என்பதே கட்ட விளிம்பு. 1932இல் ஹாரி நைக்விஸ்ட் நிலைத்தன்மைக்கான நிபந்தனையை வகுத்தார். அதைப் பொறியாளர் கையாளும் விளிம்புகளாக மாற்றித் தந்தவர் அதே ஆய்வகத்தின் ஹெண்ட்ரிக் போடி. இரண்டாம் படி வளையம் ஒன்றில் கட்ட விளிம்பு 60 பாகை இருந்தால், படித் துடிப்புக்கு வெளியீடு இலக்கைத் தாண்டி எகிறும் அளவு ஏறக்குறைய 9 சதவீதம். 45 பாகை என்றால் 23 சதவீதம். இந்த 15 பாகையை உற்பத்தி மாறுபாடு எளிதாகத் தின்றுவிடும்.

வளையத்தை வெட்டாமல் அதன் பெருக்கத்தை அளக்க முடியுமா?

முடியும், உண்மையில் வெட்டாமல்தான் அளக்க வேண்டும். உயர் பெருக்கம் கொண்ட வளையத்தை வெட்டினால், சில மைக்ரோவோல்ட் ஆஃப்செட்டே வெளியீட்டை ஏதாவது ஒரு மின்வழங்கல் எல்லைக்குத் தள்ளிவிடும், அளக்க எதுவும் மிஞ்சாது. 1975இல் ஆர். டி. மிடில்புரூக் எழுதி விளக்கிய செருகல் முறை இதற்கு இன்றும் முதல் தெரிவு. வெளியீட்டுப் பக்கம் குறைந்த மின்மறுப்பும் உள்ளீட்டுப் பக்கம் அதிக மின்மறுப்பும் உள்ள ஓரிடத்தில் சிறிய மின்தடையம் ஒன்றைத் தொடராகச் செருகி, அதன் குறுக்கே மின்மாற்றி வழியாகச் சில மில்லிவோல்ட் சைன் அலையை ஊட்டுகிறோம். மின்தடையத்தின் இரு முனைகளிலும் அந்த அதிர்வெண்ணில் தெரியும் மின்னழுத்தங்களின் விகிதமே வளையப் பெருக்கம். வளையம் மூடியே இருப்பதால் இயங்கு புள்ளி நகர்வதில்லை.

தானியங்கி அளவுத்திருத்தத்துக்கு இதில் ஒரு வசதி உண்டு. முழு வரைபடமும் தேவையில்லை. இரு முனைகளிலும் வீச்சு சமமாகும் அதிர்வெண்ணைத் தேடிப் பிடித்தால் போதும், அதுவே பெருக்கம் ஒன்றாகும் இடம். அந்த இடத்தில் இரு அலைகளுக்கும் இடையிலுள்ள கட்ட வேறுபாட்டிலிருந்து கட்ட விளிம்பு நேராகக் கிடைத்துவிடும். இலக்கக் கட்டுப்பாட்டில் மின்மாற்றிகூட வேண்டாம். கட்டளை எண்ணோடு சிறிய சைன் மதிப்பைக் கூட்டி, கூட்டலுக்கு முன்னும் பின்னும் உள்ள எண்களை அதே அதிர்வெண்ணின் சைனோடும் கொசைனோடும் பெருக்கிச் சராசரி எடுத்தால் இரண்டு அளவுகளும் வந்துவிடும். ஊட்டும் அலை பெரிதானால் ஏதோ ஓர் இடம் நிறைவடைந்து (தன் உச்ச எல்லையில் முட்டி) அளவு பொய்யாகும். சிறிதானால் இரைச்சலில் மூழ்கும். வீச்சைப் பாதியாக்கிப் பார்த்து, விகிதம் மாறாமல் இருக்கிறதா என்று சரிபார்ப்பது நல்ல பழக்கம்.

ரிலே முறை என்று சொல்கிறார்களே, அது என்ன?

1942இல் ஜான் சீக்லரும் நதானியல் நிக்கல்ஸும், வளையத்தின் விகிதப் பெருக்கத்தை மெல்ல மெல்லக் கூட்டி, அது தணியாமலும் வளராமலும் அலையத் தொடங்கும் எல்லைப் பெருக்கத்தையும் அலைவு நேரத்தையும் குறித்துக்கொண்டு, அவற்றிலிருந்து கட்டுப்பாட்டுக் குணகங்களைக் கணக்கிடும் விதிகளைத் தந்தார்கள். விதிகள் எளிமையானவை; ஆனால் ஓடும் சுற்றை அலைவின் விளிம்புக்குக் கையால் தள்ளுவது ஆபத்தான வேலை, தானியங்கியிடம் ஒப்படைக்க அதைவிட ஆபத்தானது. 1984இல் சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்ல் ஓஸ்ட்ரோமும் டோரே ஹேக்லுண்டும் இதற்கு அழகான மாற்று ஒன்றை வெளியிட்டார்கள். கட்டுப்படுத்தியைச் சற்று நேரம் ஒதுக்கிவிட்டு, அந்த இடத்தில் ஒரு ரிலேயை வைக்கிறோம்: பிழை நேர்மறையாக இருந்தால் வெளியீடு ஒரு பக்கம், எதிர்மறையாக இருந்தால் மறுபக்கம், இடைநிலை கிடையாது. கட்டத் தாமதம் 180 பாகையை எட்டும் அதிர்வெண்ணில் வளையம் தானாகவே அலையத் தொடங்கும். அலைவின் வீச்சு ரிலேயின் உயரத்தால் கட்டுப்பட்டிருப்பதால் அது கைமீறிப் போவதில்லை. ரிலேயின் உயரத்தை நான்கால் பெருக்கி, அலைவு வீச்சையும் பை என்ற மாறிலியையும் பெருக்கிய தொகையால் வகுத்தால் எல்லைப் பெருக்கம் கிடைக்கும்.

கணக்கோடு பார்ப்போம். 200 கிலோஹெர்ட்ஸில் இயங்கும் இலக்க மின்வழங்கியின் கடமை விகிதத்தை (ஒவ்வொரு சுழற்சியிலும் சுவிட்ச் மூடியிருக்கும் நேரப் பங்கை) நடுநிலையிலிருந்து 0.05 மேலும் கீழும் தள்ளினோம். வெளியீடு 40 மில்லிவோல்ட் வீச்சில், 80 மைக்ரோவினாடிக்கு ஒருமுறை அலைந்தது என்க. 0.2ஐ 0.1257ஆல் வகுக்க எல்லைப் பெருக்கம் வோல்ட்டுக்கு 1.59. விகிதமும் தொகையும் மட்டும் கொண்ட (பிழையின் அளவுக்கும், காலப்போக்கில் சேர்ந்த பிழைக்கும் ஏற்பச் செயல்படும்) கட்டுப்படுத்திக்குப் பழைய விதி எல்லைப் பெருக்கத்தில் 0.45 பங்கையும், அலைவு நேரத்தை 1.2ஆல் வகுத்த தொகை நேரத்தையும் சொல்கிறது: அதாவது 0.72, 67 மைக்ரோவினாடி. ஓர் அலைவுக்கு 16 ஸ்விட்ச்சிங் சுழற்சிகள் கிடைப்பதால் நேர அளவு ஓரளவு நம்பகமானது. வீச்சில் கவனம் வேண்டும்: அளக்கும் மாற்றியின் ஒரு படி 5 மில்லிவோல்ட் என்றால், 40 மில்லிவோல்ட் என்பது எட்டே படிகள், ஒரு படி தவறினால் எல்லைப் பெருக்கத்தில் 12 சதவீதத்துக்கு மேல் பிழை வரும். பல சுழற்சிகளின் சராசரி எடுப்பதும், இரைச்சலில் ரிலே படபடக்காமல் சிறிய தயக்க இடைவெளி வைப்பதும் இதனால்தான்.

சீக்லர், நிக்கல்ஸ் விதிகளை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. ஒவ்வோர் அலையும் முந்தையதில் கால் பங்காகத் தணிந்தால் போதும் என்ற எதிர்பார்ப்பில் பிறந்தவை அவை. தொழிற்சாலையின் வெப்பக் கலனுக்கு அது பொருந்தலாம், நுண்செயலிக்கு மின்சாரம் தரும் சுற்றுக்கு அந்த ஆட்டம் அதிகம். விகிதப் பெருக்கத்தைப் பாதியாக்கித் தொடங்குவதே என் தெரிவு.

கட்டப் பூட்டு வளையத்தில் ஏன் இத்தனை அளவுத்திருத்தங்கள்?

பேச்சு வழக்கில் பி.எல்.எல். எனப்படும் இந்த வளையத்தில் இரண்டு தனித்தனிச் சிக்கல்கள் இருக்கின்றன; இரண்டையும் குழப்பிக்கொள்வதே பல தவறுகளுக்கு மூலம்.

முதல் சிக்கல் எட்டும் தூரம். சிப்பின் உள்ளே சுருளும் மின்தேக்கியும் கொண்ட அலையியற்றியில் மின்தேக்கம் 10 சதவீதம் விலகினால் அதிர்வெண் ஏறக்குறைய 5 சதவீதம் விலகும், 2.4 கிகாஹெர்ட்ஸில் அது 120 மெகாஹெர்ட்ஸ். கட்டுப்பாட்டு மின்னழுத்தம் பயன்தரும் அளவில் 0.8 வோல்ட்தான் நகர முடியும், ஒரு வோல்ட்டுக்கு அதிர்வெண் 40 மெகாஹெர்ட்ஸ் நகர்கிறது என்றால், வளையத்தால் எட்ட முடிவது 32 மெகாஹெர்ட்ஸ் மட்டுமே. உணர்திறனைப் பத்து மடங்கு கூட்டி எட்டலாம்தான். ஆனால் கட்டுப்பாட்டுக் கம்பியில் உள்ள இரைச்சலும் அதே பத்து மடங்கு பெருகி அலையின் தூய்மையைக் கெடுக்கும். ஆகவே 1.9 முதல் 2.4 கிகாஹெர்ட்ஸ் வரையான 500 மெகாஹெர்ட்ஸை, இணைக்கவும் துண்டிக்கவும் கூடிய மின்தேக்கி வரிசையால் 64 பட்டைகளாகப் பிரிக்கிறோம். பட்டைக்குப் பட்டை இடைவெளி சுமார் 8 மெகாஹெர்ட்ஸ். ஒவ்வொரு பட்டையும் 32 மெகாஹெர்ட்ஸ் அகலம் என்பதால் ஒன்றன் மேல் ஒன்று நன்றாகக் கவிந்திருக்கும். தொடக்கத்தில் வளையத்தைத் திறந்து, கட்டுப்பாட்டு மின்னழுத்தத்தை நடுவில் கட்டிப்போட்டு, அலையியற்றியின் துடிப்புகளைக் குறிப்பிட்ட நேரத்துக்கு எண்ணி, சரியான பட்டையைத் தேர்ந்த பிறகே வளையம் மூடப்படுகிறது.

எவ்வளவு நேரம் எண்ணுவது? எண்ணும் நேரத்தின் தலைகீழே அதிர்வெண் நுணுக்கம். அலையியற்றியை நான்கால் வகுத்து 10 மைக்ரோவினாடி எண்ணினால் 400 கிலோஹெர்ட்ஸ் நுணுக்கம் கிடைக்கும், 8 மெகாஹெர்ட்ஸ் இடைவெளிக்கு அது தாராளம். ஒரு மைக்ரோவினாடி மட்டும் எண்ணினால் நுணுக்கம் 4 மெகாஹெர்ட்ஸ். அடுத்தடுத்த இரு பட்டைகளில் எது நெருக்கம் என்று சொல்ல அது போதாமல் போகும். 64 பட்டைகளுக்கு இருமத் தேடலில் ஆறு எண்ணல்கள் ஆகும். ஆக 60 மைக்ரோவினாடியில் வேலை முடியும்.

இரண்டாவது சிக்கல் வளையத்தின் பட்டை அகலம். மின்னூட்டப் பம்ப்பின் (கட்டப் பிழைக்கு ஏற்ப வடிகட்டிக்கு மின்னோட்டத் துடிப்பு தரும் பகுதியின்) மின்னோட்டம், வடிகட்டியின் மின்தடை, அலையியற்றியின் உணர்திறன் மூன்றையும் பெருக்கி, வகுப்பானின் எண்ணால் வகுத்தால் வரும் தொகைக்கு ஏற்றாற்போல் அது மாறும். ஃபிலாய்ட் கார்ட்னர் 1980இல் இவ்வகை வளையங்களை அலசியபோது, கட்ட ஒப்பீடு தொடர்ச்சியாக இல்லாமல் துடிப்புத் துடிப்பாக நடப்பதால் பட்டை அகலத்துக்கு ஓர் உச்சவரம்பு உண்டு என்று காட்டினார். ஒப்பீட்டு அதிர்வெண்ணில் பத்தில் ஒரு பங்குக்குக் கீழே இருப்பது நடைமுறை விதியாக நிலைத்துவிட்டது. இப்போது அலையியற்றியைப் பாருங்கள். நிலையான மின்தேக்கிகளைக் கழற்றக் கழற்ற, மிஞ்சும் மொத்தத்தில் மின்னழுத்தத்தால் மாறும் மின்தேக்கியின் பங்கு கூடுகிறது. கணக்கிட்டால் உணர்திறன் அதிர்வெண்ணின் கனத்துக்கு (மும்மடிக்கு) நேர்விகிதமாக வரும். 1.9இலிருந்து 2.4 கிகாஹெர்ட்ஸுக்குப் போனால் அதிர்வெண் 26 சதவீதம்தான் கூடுகிறது, உணர்திறனோ இரு மடங்காகிறது. 20 மெகாஹெர்ட்ஸ் ஒப்பீட்டு அதிர்வெண்ணுக்கு வகுப்பான் எண் 95இலிருந்து 120ஆக உயர்வதால் அதில் ஒரு பகுதி ஈடாகிவிடும்; ஆனாலும் பட்டை அகலம் 1.6 மடங்காகவே நிற்கும்.

மருந்து எளிது. கட்டுப்பாட்டு மின்னழுத்தத்தை 0.4 வோல்ட்டிலும் 0.8 வோல்ட்டிலும் வைத்து இரண்டு முறை எண்ணினால் உணர்திறன் தெரிந்துவிடும். பம்ப் மின்னோட்டத்தை அதற்கு எதிர்விகிதத்திலும் வகுப்பான் எண்ணுக்கு நேர்விகிதத்திலும் அமைத்தால் பட்டை அகலம் பழைய இடத்துக்கு வந்துவிடும். பட்டையைத் தேர்ந்தெடுத்ததோடு வேலை முடிந்தது என்று நிறுத்திக்கொள்ளும் வடிவமைப்புகள், ஒரு முனை அதிர்வெண்ணில் தூய்மையாகவும் மறுமுனையில் இரைச்சலோடும் ஓடுவதற்குக் காரணம் இந்த இரண்டாம் படியைத் தவிர்ப்பதுதான்.

சிப்பின் உள்ளே மின்தடையும் மின்தேக்கியும் எவ்வளவு மாறும்?

மின்தடை 20 சதவீதமும் மின்தேக்கி 15 சதவீதமும் இரு பக்கமும் விலகலாம் என்று எடுத்துக்கொண்டால், இரண்டின் பெருக்குத்தொகையான நேர மாறிலி எதிர்பார்த்ததில் 0.68 மடங்கு முதல் 1.38 மடங்கு வரை எங்கு வேண்டுமானாலும் விழலாம். குவார்ட்ஸ் கடிகாரத்தின் துடிப்பு அகலத்தோடு இதை ஒப்பிட்டு, 5 பிட் மின்தேக்கி வரிசையால் திருத்தினால், 70 சதவீத வீச்சு 32 படிகளாகப் பிரிந்து மிச்சப் பிழை ஒரு சதவீதத்துக்குச் சற்று மேலே நிற்கும். திருத்தப்படுவது ஒரு மாதிரிச் சுற்றுதான். உண்மை வடிகட்டி அதே சிப்பில் அருகிலேயே, அதே வடிவத்தில் இருப்பதால் அதே குறியீடு அதற்கும் பொருந்தும்.

இருமத் தேடல் எப்போதும் சரியான விடையைத் தருமா?

குறியீடு கூடக் கூட வெளியீடும் ஒரே திசையில் நகர்ந்தால் மட்டுமே தரும். மின்தேக்கி வரிசையில் 31இலிருந்து 32க்குப் போகும்போது ஐந்து சிறிய மின்தேக்கிகள் விலகி ஒரு பெரியது வந்து சேர்கிறது. பொருத்தம் மோசமாக இருந்தால் மின்தேக்கம் கூடுவதற்குப் பதிலாகக் குறையக்கூடும். அப்போது இருமத் தேடல் தவறான பாதியைத் தேர்ந்துகொண்டு, அதற்குள்ளேயே மிகச் சிறந்ததை நம்பிக்கையோடு தந்துவிடும். தேடல் முடிந்ததும் விடைக்கு மேலும் கீழும் ஓரிரு குறியீடுகளையும் எண்ணிப் பார்த்து, எது உண்மையில் நெருக்கம் என்று உறுதிசெய்வது இதற்கான மலிவான காப்பு.

ஆஃப்செட்டைத் தானாக நீக்குவது எப்படி?

இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, உள்ளீடுகள் இரண்டையும் சிறிது நேரம் ஒன்றாகக் குறுக்கிணைத்து, அப்போது தெரியும் ஆஃப்செட்டை ஒரு மின்தேக்கியில் பிடித்துவைத்து, இயங்கும்போது கழிப்பது. மற்றொன்று, 1949இல் எட்வின் கோல்ட்பர்க் பெருக்கிகளுக்குப் பயன்படுத்திய சாப்பர் முறை: சமிக்ஞையைப் பெருக்குவதற்கு முன் புரட்டிப் புரட்டி உயர் அதிர்வெண்ணுக்கு ஏற்றிவிட்டு, பெருக்கிய பின் மறுபடி இறக்குவது, நடுவில் சேர்ந்த ஆஃப்செட் மட்டும் உயர் அதிர்வெண்ணில் தங்கிவிட, வடிகட்டி அதை எடுத்துவிடும். 5 மில்லிவோல்ட் ஆஃப்செட் கொண்ட பெருக்கி 100 மடங்கில் அரை வோல்ட் பிழை தரும். ஆஃப்செட் 5 மைக்ரோவோல்ட்டாக இறங்கினால் அது அரை மில்லிவோல்ட்.

முதல் வழியில் ஒரு பொறி இருக்கிறது. 1 பைக்கோஃபாரட் மின்தேக்கியில் 1 பைக்கோஆம்பியர் கசிந்தால் அதன் மின்னழுத்தம் வினாடிக்கு ஒரு வோல்ட் வீதம் சரியும். ஒரு மில்லிவினாடிக்குள் ஒரு மில்லிவோல்ட் போய்விடும். அடிக்கடி புதுப்பிக்க முடியாத இடத்தில் திருத்தத்தை இலக்கக் குறியீடாகச் சேமிப்பதே மேல்.

தொடக்கத்தில் ஒருமுறை திருத்தினால் போதாதா?

எது மாறுகிறது என்பதைப் பொறுத்தது. உற்பத்தி மாறுபாடு சிப் பிறக்கும்போதே முடிவாகிவிடுகிறது. அதற்குத் தொழிற்சாலையில் ஒருமுறை அளந்து, எரித்து எழுதும் நினைவகத்தில் குறியீட்டைப் பதிப்பது போதும். வெப்பநிலை நிமிடத்துக்கு நிமிடம் மாறும். குளிரில் பட்டையைத் தேர்ந்து பூட்டிய பி.எல்.எல்., சூடேறும்போது கட்டுப்பாட்டு மின்னழுத்தத்தை மெல்ல மெல்ல எல்லைக்கு நகர்த்திக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் பூட்டை இழக்கும். பட்டைகளின் கவிப்பு வெப்பப் பெயர்ச்சியையும் தாங்கும் அளவுக்கு இருக்க வேண்டும். இல்லாவிட்டால், தொடக்கத்தில் கட்டிப்போடும் நடு மின்னழுத்தத்தை வெப்ப உணரியின் சொல்படி சற்று ஒரு பக்கம் தள்ளிவைத்து, நகர்வதற்கு இடம் விட வேண்டும்.

முதுமை மிக மெதுவான மாற்றம். மின்வழங்கியின் அலுமினிய மின்பகு மின்தேக்கியில் திரவம் உலர உலர மின்தேக்கம் குறைந்து உள்மின்தடை கூடும். புதிதாக 470 மைக்ரோஃபாரடும் 30 மில்லிஓமும் இருந்தபோது அவை தரும் சுழியத்தின் (பெருக்கத்தின் சரிவு தணியத் தொடங்கும் இடத்தின்) அதிர்வெண் 11.3 கிலோஹெர்ட்ஸ், 376 மைக்ரோஃபாரடும் 90 மில்லிஓமும் ஆனபின் அது 4.7 கிலோஹெர்ட்ஸ். சுழியம் முன்னதாகவே வந்துவிடுவதால் பெருக்கம் சரிவது தடைப்பட்டு, அது ஒன்றாகும் அதிர்வெண் ஸ்விட்ச்சிங் அதிர்வெண்ணை நோக்கி ஏறும். ஒவ்வொரு முறை மின்சாரம் ஏற்றும்போதும் ரிலே சோதனையை ஓட்டும் மின்வழங்கி இதை நன்றாகச் சமாளிக்கும். அதோடு, பழைய குணகங்களைச் சேமித்து வைத்திருந்தால் மின்தேக்கி எப்போது மாற்றப்பட வேண்டும் என்பதையும் சொல்லிவிடும்.

இயங்கிக்கொண்டிருக்கும்போதே பின்னணியில் திருத்துவது எப்படி?

சமிக்ஞைக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய போலித் தற்செயல் துடிப்பு வரிசை ஒன்றைச் சேர்த்து, வெளியீட்டை அதே வரிசையோடு பெருக்கிச் சராசரி எடுப்பது பரவலான வழி. சமிக்ஞைக்கும் அந்த வரிசைக்கும் தொடர்பு இல்லாததால் சமிக்ஞை சராசரியில் கரைந்துபோக, வளையத்தின் பதில் மட்டும் மிஞ்சும். 10,000 மாதிரிகளின் சராசரி இரைச்சலை நூறில் ஒன்றாக்கும். அதற்கு விலை நேரம். கிடைத்த பிழைக்கு எதிர்த்திசையில் குணகத்தைச் சிறு படியாக நகர்த்துவது, 1960இல் பெர்னார்ட் விட்ரோவும் டெட் ஹாஃபும் தந்த குறைந்த சராசரி வர்க்க முறையின் சாரம். சிப்பில் பெருக்கிகளை மிச்சப்படுத்த, பிழையின் குறியை மட்டும் பார்த்து ஒரு படி மேலோ கீழோ நகர்த்துவதும் உண்டு.

இந்த இரண்டாவது வளையமே முதல் வளையத்தைக் குலைத்துவிடாதா?

குலைக்கும், அளவுத்திருத்தம் என்பதும் ஒரு பின்னூட்ட வளையம்தான் என்பதை மறந்த வடிவமைப்பில் கட்டாயம் குலைக்கும். முதல் வளையம் அமைதியடைய எடுக்கும் நேரத்தைவிடக் குறைந்தது பத்து மடங்கு மெதுவாகத் திருத்தம் நகர வேண்டும். இல்லையென்றால் திருத்தும் வளையம், முதல் வளையம் இன்னும் அடங்காத ஆட்டத்தையே அளந்து, அதையே பிழையென்று எடுத்துக்கொண்டு திருத்தும்.

வேகம் மட்டும் போதாது, எல்லைகளும் வேண்டும். எக்ஸ்-15 ஆராய்ச்சி விமானங்களில் மூன்றாவதில் பொருத்தப்பட்டிருந்த எம்.எச்.-96 என்ற தகவமைப்புக் கட்டுப்பாட்டுச் சுற்று இதற்கு வரலாற்றிலேயே கசப்பான எடுத்துக்காட்டு. வளையத்தில் சிறிய நிலை அலைவு (தணியாமலும் கட்டின்றி வளராமலும் நிற்கும் அலைவு) தென்படும் வரை பெருக்கத்தைக் கூட்டுவது, தென்பட்டதும் நிறுத்துவது என்பதே அதன் உத்தி. எல்லைப் பெருக்கத்தைத் தேடும் மேலே சொன்ன முறைகளுக்கு உறவுதான். 1967 நவம்பர் 15 அன்று மைக்கேல் ஆடம்ஸ் ஓட்டிய அந்த விமானம் மிக உயரத்தில் சுழலில் சிக்கியது. வேறு காரணங்களும் சேர்ந்திருந்தன. சுழலிலிருந்து மீண்டு வளிமண்டலத்துக்குள் இறங்கியபோது, உயர் பெருக்கத்தோடு இருந்த கட்டுப்பாட்டு வளையம் நிலை அலைவுக்குள் விழுந்தது. கட்டுப்பாட்டுப் பரப்புகள் தம்மால் இயன்ற உச்ச வேகத்தில் நகர்ந்துகொண்டிருந்த நிலையில் பெருக்கம் குறைக்கப்படவில்லை. விமானம் உடைந்தது, விமானி உயிரிழந்தார். இயக்கி நிறைவடைந்த நிலையில் எடுக்கப்படும் அளவு வளையத்தைப் பற்றிய அளவு அல்ல. எனவே நிறைவு, வரம்பு மீறல், பூட்டு இழப்பு ஆகியவற்றில் ஏதாவது ஒன்று தென்பட்டால் திருத்தத்தை அப்படியே உறையவைத்து, கடைசியாகத் தெரிந்த நல்ல குறியீட்டுக்கோ அதைவிடப் பாதுகாப்பான குறைந்த பெருக்கத்துக்கோ திரும்பும் ஏற்பாடு எல்லாவற்றுக்கும் முன்னால் எழுதப்பட வேண்டும்.

பல திருத்தங்கள் இருந்தால் எந்த வரிசையில் செய்வது?

ஆஃப்செட் முதலில், நேர மாறிலி அடுத்து, பிறகு பெருக்கம், கடைசியில் பட்டை அகலம். ஒவ்வொன்றும் தனக்கு முந்தையது சரியாக இருக்கிறது என்ற நம்பிக்கையில் அளக்கிறது.

எதோடு ஒப்பிட்டுத் திருத்துவது என்பது முக்கியமா?

மிக முக்கியம். திருத்தப்படும் அளவைவிட ஒப்பீட்டு அளவு தெளிவாக மேலானதாக இருக்க வேண்டும். சிப்புக்கு வெளியேயுள்ள குவார்ட்ஸ் படிகம் மில்லியனில் சில பத்துப் பங்கு துல்லியம் தருவதால், நேரத்தையும் அதிர்வெண்ணையும் சார்ந்த எல்லாவற்றையும் அதோடு ஒப்பிடலாம். மின்தடையை அப்படித் திருத்த வெளியே ஒரு சதவீத மின்தடையம் ஒன்று தேவைப்படும். இரண்டும் இல்லாத இடத்தில் விகிதங்களை மட்டுமே திருத்த முடியும், தனி மதிப்புகளை அல்ல.

எப்போது இது வீண்வேலை?

பட்டை அகலத்தைக் குறைத்து, கட்ட விளிம்பைத் தாராளமாக வைத்துக்கொண்டு தேவையைப் பூர்த்திசெய்ய முடியுமானால் அதுவே நல்ல வடிவமைப்பு. அளவுத்திருத்தச் சுற்றுக்கும் பரப்பு, மின்சாரம், தொடக்க நேரம், சரிபார்க்கும் உழைப்பு எல்லாம் செலவாகும். அது பழுதானால் சரியாக ஓடக்கூடிய வளையத்தையும் சேர்த்துக் கெடுக்கும். ஐந்து வடிவமைப்புகளில் நான்குக்கு நல்ல மின்தடையமே போதும் என்று சொன்னால் மிகையென்று சிலர் வாதிடலாம். நான் வாதிட மாட்டேன்.

திருத்தக் குறியீடு கடைசிப் படியில் போய் நின்றால் என்ன பொருள்?

திருத்தம் முடிந்தது என்று பொருள் அல்ல, திருத்தத்துக்கு இடம் போதவில்லை என்று பொருள். 5 பிட் வரிசையில் 0 அல்லது 31 வந்தால் அதைப் பழுதாகவே பதிவுசெய்ய வேண்டும். 31க்கு மேல் ஒன்றைக் கூட்டி மறுபடி 0க்குச் சுற்றிவிடும் எண்ணியை ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது, ஏனென்றால் ஒரே கடிகாரத் துடிப்பில் வளையம் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குத் தூக்கியெறியப்படும். உற்பத்தியில் ஒவ்வொரு பலகையின் குறியீட்டையும் எழுதிவைத்துப் பரவலைப் பாருங்கள். நடுவில் 16ஐச் சுற்றிக் குவிந்திருக்க வேண்டிய எண்கள் ஒரு தொகுதியில் 27, 28 என்று நகர்ந்திருந்தால், எல்லாப் பலகைகளும் சோதனையில் தேறியிருந்தாலும், அந்தத் தொகுதியின் மின்தேக்கிகளையோ மின்தடையங்களையோ அன்றைக்கே எடுத்து அளந்து பார்க்க வேண்டும்.